பழசு முன்னால, புதுசு பின்னால

மருந்துப் பெட்டியை மாம்பழம்போல அடுக்கிய மடையன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த மடமை முழுதாகப் புரியவே எனக்குப் பல வருஷம் பிடித்தது என்பது இன்னொரு மடமை.

ராஜபாளையத்தில் அப்பாவுக்கு மாம்பழக் கடை. நிறமான சப்பட்டை மாம்பழங்களை முன்வரிசையில் நிறுத்தி, அடிபட்டதைப் பின்னால் ஒளித்துவைக்கும் வித்தை எனக்கு ஆறாம் வகுப்பிலேயே அத்துபடி. கணக்குப் பாடம்தான் ஏறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் அத்தை பார்மசிஸ்ட். முழுப்பரீட்சை லீவுக்கு என்னை அவள் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். எங்கள் வீட்டாருக்கு அதுதான் உண்மையான விடுமுறை.

அத்தையோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஒருநாள் மாவட்டக் கிடங்கிலிருந்து மலேரியா மாத்திரைப் பெட்டிகள் வந்து இறங்கின. அத்தை இடுப்பில் செருகியிருந்த சாவியால் அலமாரியைத் திறந்து, “எலே, பழசு முன்னால, புதுசு பின்னால. தேதி பாத்து அடுக்கு” என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் சீட்டு நீட்டியவர்களைக் கவனிக்கப் போனாள். பழசை யாராவது முன்னால் வைப்பார்களா? வேலைக் களைப்பில் வாய் தவறிச் சொல்கிறாள் என்று பெருந்தன்மையோடு நானே திருத்திக்கொண்டேன். பளபளவென்று புதுப் பெட்டிகள் முன்னால். மூலை நசுங்கிய பழைய பெட்டி கடைசியில். இதைப் பார்க்க அப்பா இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்து, கையோடு அந்த மாத்திரையும் கொடுத்தார்கள். முன்வரிசை தீர்ந்து, மிஞ்சியது அந்த ஒரே பெட்டி. நான் அரைப்பரீட்சை லீவுக்கு வந்திருந்தேன். மாமா, அதாவது அத்தையின் கணவர், ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தார். அஸ்ஸாமிலிருந்து வந்த மூன்றாம் நாள் மூன்று போர்வைக்குள் நடுங்கினார். ரத்தத்தில் மலேரியா. அத்தை அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். காலாவதியாகி இரண்டு மாதம்.

கிடங்குக்குப் போன் போட்டாள். கணக்கில்தான் ஒரு பெட்டி இருப்பு இருக்கிறதே, அது தீராமல் எப்படி அனுப்புவது என்று கேட்டார்களாம். வெளியே மருந்துக் கடைகளில், எப்போதோ ஒருவர் கேட்கிற மாத்திரையை யாரும் வாங்கி வைக்கவில்லை. மாமாவுக்குப் பல் தந்தியடிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. எல்லையைக் காக்கிறவரே இப்படி நடுங்கினால் தேசம் என்னவாகும் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். “நீதானல அடுக்குன?”

“ஆமா அத்தை. நல்லதத்தான முன்னால வைக்கணும்?”

“ஒங்கப்பன் கடைன்னு நெனச்சியோ? அவியளப் பாத்துக்க, வாரேன்.”

பெரிய டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, செட்டியார்பட்டிப் பக்கம் வேறோர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போய், அங்கிருந்த தோழியிடம் ஒருவருக்குத் தேவையான மாத்திரைகளைக் கைமாற்றாக வாங்கிவந்தாள். அதற்குள் மாமா காய்ச்சலில் என்னைச் சுபேதார் என்று நினைத்து இரண்டு தடவை சல்யூட் அடித்துவிட்டார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

மறுவாரம் மெமோ வந்தது: மருந்து ஏன் காலாவதியானது? அத்தை பதில் எழுதுவதை எட்டிப் பார்த்தேன். ‘கவனக்குறைவு என்னுடையதே’ என்று இருந்தது. என்னை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, உறையை ஒட்டப் பசைகூட எடுத்துக் கொடுத்தேன். அந்த வருஷம் அவளுக்குச் சம்பள உயர்வு நின்றுபோனது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும்.

போன கோடையில் ஒரு கூடை சப்பட்டையோடு அத்தையைப் பார்க்கப் போனேன். அவள் கனிந்தவற்றைப் பொறுக்கி முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மெமோ எனக்கு வந்திருக்க வேண்டியது, என் பேரை ஏன் எழுதவில்லை என்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவந்த உருக்கத்தோடு கேட்டேன்.

அத்தை பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அலமாரிச் சாவி ஒங்கிட்டயா இருந்துச்சு?”