அடையாறு கல்லாவில் யார் உட்காருவது

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இன்று ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடியறை வாசலில் என் பெயரும், அதன் கீழே மருத்துவ உளவியலாளர் என்றும் பலகை தொங்குகிறது. தினமும் காலையில் அதை நானே துடைப்பேன். வேறு யாரையும் தொட விடுவதில்லை.

வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன்: உங்களுக்கென்று வாழ்க்கையில் என்ன வேண்டும்? படிக்கும்போது இது சுலபமான கேள்வியாகத் தெரிந்தது.

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று வந்தது. அப்பா, அம்மா, கல்யாண வயதில் ஒரே மகன். தை பிறந்ததும் அடையாறில் புதுக் கிளை. கல்லாவில் மகன் உட்கார வேண்டும். இது முடிவான நாளிலிருந்து மகனுக்குத் தூக்கம் இல்லை.

கேள்வியை மகனிடம்தான் கேட்டேன். அப்பா பதில் சொன்னார்.

"அவன் என்னத்தச் சொல்லுவான்? நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

பெற்றோர் இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். திரும்பக் கேட்டேன்.  மகன் ஒரு நிமிஷம் என்று எழுந்துபோய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"எம்மா, எனக்கு என்ன வேணும்?"

தனியறை, ஒரு மனிதர், ஒரு லட்சியம் என்று நான் படித்ததெல்லாம் அந்தக் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. எங்கள் குடியிருப்பில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே நாலு பேர் ஆட்டோவில் ஏறுவார்கள். எனக்குத் தெரியாததா? இருவரையும் உள்ளே அழைத்து, நீங்களே பேசுங்கள் என்றேன். நான் மகனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளையைப் பற்றிப் பேசும்போது ஊசிக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். கல்யாணம், கார், எதற்கும் முகம் மாறவில்லை. கடைசியில் அம்மா குறைபட்டுக்கொண்டார். சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி எடுத்துக்கொடுக்கும் மேட்சிங் கவுண்டரிலேயே எந்நேரமும் நிற்கிறானாம். அதற்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறதாம்.

மகன் நிமிர்ந்தார். மயில்கழுத்து நிறம் கடைக்குள் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரியும், துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் வெட்டக் கூடாது என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மூச்சு வாங்கியபோதுதான் அதையும் சொன்னார்.

"எனக்கு அந்தக் கவுண்டரு போதும்ப்பா. கல்லா வேண்டாம்."

அப்பா என்னைப் பார்த்தார். "அப்போ கல்லாவுல யாரு இருப்பா?" ஆள் தேடித் தருவதும் என் வேலை என்பது போலக் கேட்டார்.

"நான் இருக்கேன்" என்றார் அம்மா.

அவரிடம் நான் கேள்வியே கேட்டிருக்கவில்லை. பதில் எத்தனை காலமாகத் தயாராக இருந்ததோ, சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்த வாரம் மகனுக்குக் கொடுத்திருந்த நேரத்தில் அப்பா மட்டும் வந்தார். மகன் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறாராம். இவருக்குத்தான் தூக்கம் வருவதில்லையாம்.