சாகாத வேடம்

நான் எத்தனை தடவை செத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பாரிஸில் தமிழ் முகத்தோடு நடிகனாக இருப்பவனுக்குக் கிடைப்பது கடைக்காரன், கோப்பை கழுவுபவன், அகதி. படம் பாதியாகும் முன்பே மூவரையும் கொன்றுவிடுவார்கள். மேடையிலும் ஈட்டி பிடித்து நின்று முதல் ஆளாக விழுந்தது நான்தான். நாடகப் பள்ளியில் பேசப் படித்தேன். பிழைப்பு விழுவதில் ஓடியது.

பாரிஸின் புறநகரான பொபினியில் இருந்த அம்மாவுக்கு இது ஆகாது. என் முகம் வந்ததும் சிரிப்பார். எவனாவது கத்தியை எடுத்தால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் சமைக்கவென்று குசினிக்குள் போய்விடுவார்.

ஒருமுறை பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலேயே படப்பிடிப்பு. நான் சுட்டுக் கொல்லப்படும் பலசரக்குக் கடைக்காரன். நம் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் மரண அறிவித்தல்களைப் பார்த்த இயக்குநருக்கு எனக்கும் ஒன்று வேண்டுமென்று ஆசை வந்துவிட்டது. என் படத்தைப் போட்டு, பாத்திரத்தின் பெயரில் கண்ணீர் அஞ்சலி அடித்து, உண்மையானவற்றுக்கு நடுவே ஒட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது யாரும் அதைக் கழற்றவில்லை. ஓல்னேயிலிருந்து மரக்கறி வாங்க வந்த மாமி முகத்தைப் பார்த்தார். பெயரை யார் வாசிப்பது? அங்கேயே நின்று அம்மாவுக்கு அழுதுகொண்டு போன் எடுத்துவிட்டார்.

அம்மா வீட்டுச் செருப்போடு வந்து சேர்ந்தார். நான் சட்டையெல்லாம் பொய் இரத்தத்தோடு நடைபாதையில் நின்று றோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். என்னைக் கண்டும் அவர் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் அந்தத் தாளை நகத்தால் கிழித்தார். பிறகுதான் நிலத்தில் இருந்துகொண்டு தலையில் அடித்து அழுதார். இயக்குநர் என் காதருகே வந்து, கமராவுக்கு முன்னால் அம்மா இதை இன்னொரு தடவை செய்வாரா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"மன்னிப்புக் கேக்கிறாராம்."

"ஆருக்கு வேணும் மன்னிப்பு? ஒருக்கா, ஒரேயொருக்கா சாகாம நடி தம்பி. நான் இருந்து பாக்கிறன்."

வீட்டுக்குக் கூட்டிப்போய் என்னைத் தலை முழுக வைத்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை.

அதன் பிறகு வெளிநாட்டுப் படங்களுக்குப் பிரெஞ்சில் குரல் கொடுக்கும் வேலைக்குப் போனேன். படத்தின் அடியில் வசனம் ஓடும். சொல் நகர்ந்து வந்து திரையில் நிற்கும் கோட்டைத் தொடும்போது நாம் பேச வேண்டும். முதலில் டாக்சிக்காரப் பாத்திரங்களுக்குத்தான் கூப்பிட்டார்கள், அதுவும் என் வாயில் இல்லாத ஒரு உச்சரிப்போடு. பிறகு அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு வெளிநாட்டுத் தொடரின் நாயகனுக்கு, மஞ்சள் முடி டாக்டர் ஒருவருக்கு, நான் பிரெஞ்சுக் குரலானேன். "இதிலை நான் சாகமாட்டன் அம்மா" என்று துள்ளிக்கொண்டு சொன்னேன்.

அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். டாக்டர் பேசினார்.

"குரல் உன்ரைதான். நீ எங்கை?"

விளக்கினேன். அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப சாகிறதுக்கு உன்ரை முகம் வேணும். உயிரோடை இருக்கிறதுக்கு வேறை ஆரின்ரையோ முகம்."

எனக்குக் கோபம் வந்தது.

சென்ற மாரிக் குளிரில் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தார். இனி வீடு திரும்பமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். பின்னேரங்களில் அந்தத் தொடரை மறுபடி போட்டார்கள். ஒருநாள் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் என்னை இருக்கச் சொன்னார்.

"டிவியைப் போடு. அங்கை பாக்காதை, இஞ்சாலை திரும்பு. அவன் கதைக்கேக்கை நீ வாயை அசை. நான் உன்னைப் பாக்கிறன்."

என் முதுகுக்குப் பின்னாலிருந்து என் குரல் வந்தது. அதைப் பிடிக்க உதட்டை அசைத்தேன். வசனங்கள் பாதி மறந்துபோயிருந்தன, பிந்தினேன், தடுமாறினேன். அழப்போனேன். ஆனால் அது டாக்டர் சிரிக்கும் இடம், சிரித்தேன். அம்மாவும் சிரித்தார்.

தொடர் முடிந்து விளம்பரம் வரும்வரை அவர் என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் இத்தனை வருட நடிப்பில் அம்மா முழுவதாகப் பார்த்தது அது ஒன்றைத்தான்.