வங்காநரியின் முகம்

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். விடிந்ததும், முதல் பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னால் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அப்போது பனமரத்துப்பட்டி ஏரிக்குத் தெற்கே ஒரு தரிசுக் காட்டோரம் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகப் படம் எடுப்பேன். ஆளைக் கண்டால் ஓடுகிற பிராணிகள் வேனைக் கண்டுகொள்வதில்லை. முயல், கீரி எல்லாம் எடுத்தாயிற்று. இரண்டு மார்கழியாக எனக்கு டிமிக்கி கொடுத்தது வங்காநரி ஒன்றுதான்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில் அது வந்து, வேனுக்கு நேரே உட்கார்ந்து, என்னைப் பார்த்தது. வாலின் கறுத்த நுனி வரைக்கும் படத்தில் துல்லியம். சந்தோஷத்தில் புத்தி கெட்டு, வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுத் தொலைத்தேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. பேசியவர் பக்கத்து ஊரில் நரிக்கு வலை கட்டுகிறவர். பொங்கல் சமயத்தில் நரியைப் பிடித்து வந்து, ஊரே அதன் முகத்தில் விழித்தால் வருஷம் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் வழக்கம்.

"படத்துல பின்னால தெரியறது எங்க பங்காளி மோட்டார் ரூமுங்களே! ரெண்டு வருசமா நரியே சிக்கலீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

என்னையே திட்டிக்கொண்டேன். அட கிறுக்கா, நீயே காட்டிக் கொடுத்துவிட்டாயே! நேரில் போய்ச் சத்தம் போட்டேன். கேஸ், ஃபாரஸ்ட்காரர், ஜெயில் என்று அடுக்கினேன். மனுஷன் அசையவில்லை.

"நாங்க கொல்றதில்லீங்க. கும்புட்டுட்டு உட்டுர்றோம்."

"வாயைக் கட்டி, மேளம் அடிச்சு ஊரைச் சுத்துனா அது பொழைக்குமுங்களா? முகத்தைத்தான பாக்கோணும்? வலையை ஊட்டுல வெச்சுட்டு வண்டியில ஏறுங்க, நான் காட்டறேன்."

"நரி வரலீன்னா?"

"வரலீன்னா வலை கட்டறது உங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டேன். இந்த வாய் இருக்கிறதே!

பொங்கலன்று விடியலில் இருவரும் வேனில் காத்திருந்தோம். வெயில் ஏறியது. மயில் வந்தது, கௌதாரி வந்தது, நரியைக் காணோம். அவர் பெருமூச்சு விட்டு, வலை ஆட்களுக்குப் போன் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் எருக்கஞ்செடிக்குப் பின்னால் இரண்டு காதுகள் தெரிந்தன. நரி மெதுவாக வெளியே வந்தது, சோம்பல் முறித்தது, எங்களை நேராகப் பார்த்தது.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, போனோடு கையைக் கூப்பினார். நான் கேமராவைத் தூக்கினேன். சட்டென்று என் கையை அமுக்கினார்.

"சத்தங்கித்தம் போடாதீங்க. பயந்துக்கும், பாவம்."

வலை கட்டுகிற ஆள் எனக்குச் சொல்கிறார்! சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவை இறக்கினேன். போனில் யாரோ, "எங்க வரோணுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"எங்கியும் வேண்டாம், ஊட்டுலயே இருங்க" என்று கிசுகிசுத்துவிட்டு அவர் போனை அணைத்தார்.