அமாவாசையன்று சேமியா ரசம்

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் கிண்ணத்தின்மேல் குனிவார். ஆவி முகத்தில் அடித்து, நெற்றியிலும் மூக்கின்மேலும் பொடிப்பொடியாக வேர்த்துவிடும். பூண்டும் வெங்காயத்தாளும் சோயா சாஸும் கலந்த உப்பு வாசனை எங்கள் இருவருக்கும் நடுவில் எழும்பி நிற்கும். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது என்பதால், எதிரே உட்கார்ந்திருந்த என் முகம் வெறும் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அது எனக்கு வசதியாகவே இருந்தது. அம்மா செத்துப்போன அந்த வருஷம் என் முகத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. செங்கல்பட்டில் ரயில் பாதைக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. அப்பா மறைமலைநகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு ஜப்பான்காரர் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். அம்மா இருந்தபோது அவரை மூன்று மாதப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தவர் அந்த ஊர் ரயிலைப் பற்றிப் பேசவில்லை, கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை. அங்கே சாப்பிட்ட ராமென் என்ற பதார்த்தத்தைப் பற்றியே ஓயாமல் பேசினார். கொதிக்கக் கொதிக்க சூப்பு, அதற்குள் நூடுல்ஸ், மேலே மஞ்சள் கரு முழுசாக வேகாத முட்டை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னா பெரிய அதிசயம், சேமியாவைத் தூக்கி ரசத்துல போட்டா அதான்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'சேமியா ரசம்'. ஒரு நாள் மூன்று பேரும் போய்ச் சாப்பிடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் அம்மாவுக்குக் காமாலை வந்து, மூன்றே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருஷம் கோயில் கிடையாது, பண்டிகை கிடையாது. கல்யாணம், காதுகுத்து என்று யாரும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டாலும் நாமாகப் போகக்கூடாது. தீபாவளியன்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் வந்தன. அப்பாவும் நானும் அதைத் தின்றுவிட்டு, தெருவில் மற்றவர்கள் வெடிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. எதுவுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய தொந்தரவு. எங்கும் போக வழியில்லாத ஒரு முழு நாள், வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு ஞாயிறன்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "ஓட்டலுக்குப் போவக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றார்.

முதலில் போனது ஜி.எஸ்.டி. ரோட்டில், ஜப்பான்காரர்கள் தங்குகிற ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்துக் கடை. அங்கே எல்லாம் சரியாக இருந்தது. குச்சியால் நூடுல்ஸை எடுக்கத் தெரியாமல் நான் கையால் எடுத்தேன். அப்புறம் கோவளத்தில், அலைச்சறுக்கு விளையாட வரும் வெள்ளைக்காரர்களுக்காகக் கூரை போட்ட ஒரு கடை. அங்கே சூப்பில் மீன் கவிச்சி தூக்கலாக இருந்தது. ஒரு தடவை மின்சார ரயிலேறிச் சென்னைக்கே போனோம். எங்கே போனாலும் அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கம்பெனியில் உருப்படியைத் தட்டிப் பார்த்துத் தேர்வு செய்கிறவருடைய குரலில், "உப்பு ஓகே, சூடு பத்தல" என்பார். நான் தலையாட்டுவேன். எனக்கு உப்பும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. வாயில் போட்டேன், விழுங்கினேன்.

இதற்கிடையில் என்னை என்ன செய்வது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் அக்கா, திருக்கழுக்குன்றத்து அத்தை, சமையலறையில் அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "நீ நைட் ஷிப்ட் போயிடுவ, வயசுக்கு வரப்போற பொண்ணு தனியா கெடக்கும். ஹாஸ்டல்ல வுட்டுட்றா தம்பி." அப்பா, "வருஷம் திரும்பட்டும்க்கா, நாங்க ரெண்டு பேரும் சமாளிச்சிடுவோம்" என்றார். ஆக, அந்த ஒரு வருஷத்துக்குள் நாங்கள் இருவரும் ஒரு வீட்டை நடத்திக் காட்டிவிட்டால் நான் அப்பாவுடனேயே இருந்துவிடலாம். இதை யாரும் எனக்கு விளக்கவில்லை, நானே புரிந்துகொண்டேன். அதனால் பாத்திரம் துலக்கினேன், துணி மடித்தேன், உலை வைக்கக் கற்றுக்கொண்டேன்.

வீடு நடத்துவதில் அத்தைக்கு முக்கியமானது அமாவாசை. மாதம் தவறாமல் அம்மா படத்துக்கு முன்னால் இலை போட்டு, வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம் படைத்து, காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் நாங்கள் சாப்பிட வேண்டும். ஆறு மாதம் அத்தையே வந்து சமைத்தாள். ஆறாவது மாதம் கிளம்பும்போது, "அடுத்த தபா நான் வரமாட்டேன், நீங்களே செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது என் வேலை. ஏழாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சனிக்கிழமைத் தாளைக் கிழித்ததும், அடியில் அமாவாசையின் கறுப்பு வட்டம் தெரிந்தது. அப்பா அதற்கு முன்தினம்தான், மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருவில் ஒரு நேபாளத்துக்காரர் புதிதாகக் கடை போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தார். நான் அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அழுகை வராமல், அத்தை மாதிரி கும்பிட்டு எழுந்திருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைத் தாளையும் சேர்த்துக் கிழித்துச் சுருட்டி அடுப்பு மேடைக்குக் கீழே போட்டேன். அப்பா குளித்துவிட்டு வந்து, காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிய கண்ணாடியில் தலை சீவினார். சீப்பை வைத்துவிட்டு, "போலாமா" என்றார். கிளம்பினோம்.

அத்தைக்கு மனசு கேட்கவில்லை. ஊறவைத்த பருப்பை டப்பாவில் எடுத்துக்கொண்டு, வாழை இலைக்கட்டோடு அன்று காலை பஸ்ஸேறியிருக்கிறாள். எங்கள் பஸ்ஸும் அவள் பஸ்ஸும் வழியில் எங்கோ எதிரெதிரே கடந்திருக்க வேண்டும்.

ஒத்தவாடைத் தெருக் கடையில் நான்கே மேஜைகள். கடலிலிருந்து உப்புக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பா வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் முதல் வாய் உறிஞ்சினேன். நாக்கில் இஞ்சி சுள்ளென்று ஏறியது. அடுத்த வாய்க்கு எலும்பின் கொழுப்பு தெரிந்தது, பூண்டு தெரிந்தது, உப்பு தெரிந்தது. கையோடு முகமும் கிண்ணத்துக்குள் போக, 'சர் சர்' என்று சத்தம் போட்டு உறிஞ்சினேன். அம்மா இருந்திருந்தால் "இன்னாடி உறிஞ்சல் அது" என்று முதுகில் ஒன்று வைத்திருப்பாள். அப்பா தன் முட்டையை எடுத்து என் கிண்ணத்தில் போட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏழு மாதத்தில் நாக்கில் ருசி தட்டியது அந்த ஒரு நாள்தான். அது அம்மாவுக்கு இலை போடவேண்டிய நாள்.

நாலு மணிக்கு வீடு திரும்பியபோது அத்தை பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தாள். பருப்பு புளித்திருந்தது. அவள் திட்டவில்லை. உள்ளே போய், இருப்பதை வைத்து ஏதோ சமைத்து, இலை போட்டு, கொல்லைப்பக்கம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். இருட்டும் நேரமாகிவிட்டது, ஒன்றும் வரவில்லை. சோற்றுருண்டையோடு திரும்பி வந்து, "காக்கா கூட வூட்டுக்குப் போயிடுச்சி" என்றாள். அப்புறம் அப்பாவைப் பார்த்து, அழுதுகொண்டே சொன்னாள்: "செத்தவளை ஞாபகம் வச்சிக்க இந்த வூட்ல ஒரு ஆள் இல்ல. இங்க எப்டிடா இந்தப் பொண்ணு வளரும்?"

அப்பா பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை. வருஷம் திரும்பும்வரை யாரும் காத்திருக்கவும் இல்லை. ஜூன் மாதம் திண்டிவனத்தில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். ஆறு வருஷம் அங்கே இருந்தேன். ஒவ்வொரு அமாவாசையும் எந்த நாளில் வருகிறது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அப்பா மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பார்; பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பரோட்டா சாப்பிடுவோம். ராமென் என்ற பேச்சே எங்களுக்குள் எழவில்லை.

இப்போது அந்த லாட்ஜ் இருந்த இடத்தில் மொபைல் கடை. கோவளத்துக் கூரைக்கடையைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. ஒத்தவாடைத் தெருவில் நேபாளத்துக்காரரை விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. செங்கல்பட்டு வீட்டில் தினசரி காலண்டரும் இல்லை. அப்பா போனில்தான் தேதி பார்க்கிறார். சென்னையில் தடுக்கி விழுந்தால் ராமென் கடை என்கிற நிலைமை வந்துவிட்டது.

போன மாதம் அப்படி ஒரு கடைக்கு அவரை அழைத்துப் போனேன். ஓய்வு பெற்று, பல் கட்டி, கொஞ்சம் சிறுத்துப்போயிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவருக்கு என் முகம் தெரியாது என்ற தைரியத்தில், அன்று காலண்டரில் இரண்டு தாள் கிழித்ததைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாத விஷயம்.

அப்பா நூடுல்ஸை மென்று விழுங்கிவிட்டு, "தெரியும்" என்றார். "தலை சீவறப்போ பார்த்தேன். ஞாயித்துக்கெழமை அன்னிக்கு திங்கக்கெழமைன்னு கீது. ரெண்டு நாளா எனக்கும் அதே நெனப்புதான், எப்டிடா அந்தப் படத்துக்கு முன்னால போய் உக்கார்றதுன்னு. நீ கிழிச்சதும், சரி கெளம்பலாம்னு வுட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அத்தை போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அம்மாவை ஞாபகம் வைத்துக்கொள்ள அந்த வீட்டில் ஒரு ஆளும் இல்லை என்று கடைசிவரை நம்பிக்கொண்டுதான் போனாள். அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது, இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நூடுல்ஸ் சூப்பில் ஊறிப் பருத்துவிட்டிருந்தது. "சூடு பத்தல" என்றார் அப்பா. ஆமாம் என்றேன்.