இடுக்கியின் நுனியில் சந்தனம்

வலது கை இடுக்கியில் கவ்விய கண்ணாடித் துண்டைக் கரைசலுக்குள் மெல்ல இறக்கியது. எடுத்து நீரில் அலசியது. அடுத்த கரைசலில் இறக்கியது. மறுபடி அலசல். அவசரம் என்பதே அந்தக் கைக்குத் தெரியாது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நகைக்கு முலாம் பூசும் பட்டறையில் பழகிய கை அது. துஷ்யந்தி இப்போது பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒளிரும் படலம் செய்கிறாள். இங்கே பூசும் வேலை கிடையாது. எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட இரண்டு கரைசல்களில் மாறி மாறித் தோய்த்தால், மூலக்கூறுகள் தாமாகவே வந்து அடுக்கடுக்காய் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி சுத்தமாயிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ பெரும்பாடு.

வெள்ளவத்தையிலிருந்து வரும் ஆய்வு மாணவி ஹம்சிகா, நாளை பரீட்சகர்கள் முன்னால் இந்தப் படலத்தை மின்சாரத்தில் ஒளிர வைத்துக் காட்ட வேண்டும். அவளுடைய பட்டம் அதில்தான் தொங்குகிறது.

துஷ்யந்தி துண்டை விளக்கின்கீழ் சரித்துப் பார்த்தாள். படலம் திட்டுத்திட்டாக வெளிறியிருந்தது. தேமல். காலையில் தோய்த்த மற்றத் துண்டுகளிலும் அதே தேமல்.

"கரைசல் பழுதாப் போச்சோ, அக்கா?" ஹம்சிகா எட்டிப் பார்த்தாள்.

துஷ்யந்தி துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாள். எல்லாத் துண்டிலும் இடுக்கி கவ்விய இடத்தில்தான் தேமல் தொடங்கியிருந்தது. இடுக்கியை மூக்கருகே கொண்டுபோனாள். சந்தன வாசம்.

நேற்று ஆய்வுகூடத்தில் வாணி விழா, சரஸ்வதி பூசை. சரஸ்வதி படத்தின் முன்னால் இடுக்கியையும் வைத்துப் பொட்டிட்டவள் அவள்தான். பட்டறையில் வருடா வருடம் செய்தது. துணியால் துடைத்தால் போதும் என்று இருந்துவிட்டாள்; சந்தனத்தின் எண்ணெய்ப்பசை போகவில்லை.

"கரைசல் இல்ல மிஸ். நாந்தான். இடுக்கிக்குச் சந்தனம் வச்சேன்."

ஹம்சிகா மேசையை ஒருமுறை பார்த்தாள். "இன்னும் கண்ணாடி இருக்கோ?"

"ஒன்னே ஒன்னு. வேற யாரையாச்சும் தோய்க்கச் சொல்லுங்க மிஸ். நான் கோவிக்க மாட்டேன்."

"ஆரைச் சொல்ல? என்ர கைக்கு இந்தப் பொறுமை இல்லை." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "சரஸ்வதிக்குப் பொட்டு வச்ச கைதானே. நீங்களே செய்யுங்கோ அக்கா."

துஷ்யந்தி இடுக்கியை அசற்றோன் கரைப்பானில் ஊறவைத்துக் கழுவினாள். வாசம் போயிற்று, ஆனாலும் அவள் நம்பவில்லை. திரும்பவும் ஊறவைத்தாள். பட்டறையில் செம்பில் பசை போயிற்றா என்று சோதிப்பதுபோல் நுனியில் நீர் விட்டாள். முத்தாய்த் திரளாமல் நீர் சீராகப் படர்ந்த பிறகே கடைசிக் கண்ணாடியைக் கவ்வினாள்.

வெயில் சாயும்வரை தோய்த்தலும் அலசலும் தொடர்ந்தன.

விளக்கின்கீழ் சரித்தபோது ஓரம்வரை ஒரே சீரான இளநீலம். ஹம்சிகா விரல்களை நீட்டினாள்.

"ஓரத்த மட்டும் பிடிங்க மிஸ்," என்று சொல்லி, துஷ்யந்தி அதை அவளிடம் கொடுத்தாள்.