மேளம் இல்லாமல் ஏறிய தாலி

என் மகள் கழுத்தில் தாலி ஏறும்போது மேளம் கொட்டவில்லை. அதற்கு முதல் நாள் நாட்டின் பெரிய மந்திரி ஒருவர் இறந்துபோயிருந்தார்.

மலேசியாவில், மாசாய் ஊரில், எங்கள் கோயில் மண்டபத்தில் கல்யாணம். ஜொகூர் பாருவிலிருந்து வந்த மேளக்காரர்கள் தவிலை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் தலைவர் வேகமாக உள்ளே வந்தார். கட்சிக் கிளைக்கும் அவர்தான் தலைவர்.

“அக்கா, மேளம் வேணாம். பதவியில இருக்கும்போதே செத்திருக்காரு. கொடியெல்லாம் பாதியில பறக்குது. மேல கேட்டா நான் என்ன சொல்றது?”

“தாலி கட்டுற நேரத்துக்கு மட்டுமாவது அடிக்கட்டுமே தம்பி.”

“அப்பதானேக்கா சத்தம் ஜாஸ்தி.”

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மேலே என்றால் யார், எந்தச் சட்டம் என்று கேட்கத் தெரியவில்லை. போலீஸ் வந்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது வரைக்கும் யோசித்துவிட்டேன். சரி என்றேன். இறந்தவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் மனைவி டிவியில் அழுததைப் பார்த்து நானும் அழுதவள்தான்.

ஆனால் கெட்டிமேளம் எதற்கு? அந்த நேரத்தில் யாராவது தும்மினாலும், கெட்ட வார்த்தை பேசினாலும் காதில் விழக்கூடாது என்றுதானே? ஐயர் கையைத் தூக்கினார். மண்டபமே அமைதி. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடும்போது முன்வரிசையில் ஒரு தும்மல். ஹோமப் புகை ஏறித் தும்மியவர் கோயில் தலைவர்.

யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு மட்டும் காதிலேயே தங்கிவிட்டது. மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போகிறார். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று மெசேஜ் வரும்வரை எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. போன வருடம் சறுக்கி விழுந்து இடது கையை உடைத்துக்கொண்டார். மழை என்றார்கள். நான் அந்தத் தும்மலைத்தான் நினைத்தேன்.

இந்த வருடம் கோயில் தலைவரின் மகனுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். முதல் நாள், ஒரு காலத்தில் நாட்டையே நடத்திய பழைய தலைவர் இறந்துவிட்டார். அந்த மந்திரிக்கும் மேலே இருந்தவர். பதவியை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. மேளம் இருக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே நாதஸ்வரம் கேட்டது.

“தம்பி, நியூஸ் பாக்கலையா?”

“பாத்தேன்கா. அவருதான் இப்ப பதவியில இல்லையே. பழைய ஆளு லா. யாரு கேக்கப் போறா?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பழைய ஆள் இந்த மண்டபத்தைத் திறந்துவைக்க வந்தபோது, மாலை போட்டுக் காலில் விழுந்தவர் இதே தம்பிதான். நாற்காலியில் இருந்து செத்தால்தான் சாவா? மேலே யாரோ பார்ப்பார்கள் என்று இவருக்கு வந்த பயத்தைத் துக்கம் என்று சொல்லி, என் மகள் தாலியின் மேலல்லவா இறக்கி வைத்தார்?

தாலி கட்டி முடிந்து கூட்டம் சாப்பிட எழுந்தது. நான் மகளையும் மருமகனையும் இழுத்துக்கொண்டு மேளக்காரர்கள் முன்னால் போய் நின்றேன். அன்றைக்கு வந்த அதே ஆட்கள்.

“அண்ணே, எங்க வீட்டுக் கல்யாணத்துல சும்மா உக்காந்துட்டுப் போனீங்களே. இவங்களுக்கு ஒரு கெட்டிமேளம் கொட்டுங்க.”

“அம்மா, எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் மகள்.

“பாக்கட்டும்.”

கோயில் தலைவர் ஓடிவந்தார். “அலமாக், ஐயோ, என்னக்கா இது, மறுபடியும் கல்யாணமா?”

“அன்னைக்குத் தும்முனது நீங்கதான் தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

தவில்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குச்சியை எடுத்தார். மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உடைந்து சேர்ந்த கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மேளம் கொட்டியது. அந்தச் சத்தத்தில் யார் தும்மியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.