வெள்ளைக் காருக்கு மேலே ஒரு மல்பெரி

கீழ்வீட்டுக்காரரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எங்கேயாவது இளகுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

மராத்திக்காரர்கள் ஊரான ஔந்தில் எங்கள் வீடு முதல் மாடி. மேற்குப் பார்த்த அறையில் அப்பா படுத்திருந்தார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஆயுசெல்லாம் நின்று உழைத்தவர், இடுப்பெலும்பு முறிந்தபின் கட்டிலே கதி என்று ஆனார். ஏசி போட்டால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். ஜன்னலை ஒட்டி நின்ற புங்கமரம்தான் அவருக்கு எல்லாம். ஏப்ரல் மதியத்திலும் அதன் நிழலில் நிம்மதியாகத் தூங்குவார்.

கோயம்புத்தூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்த ஒருவர் கீழ்வீட்டை வாங்கினார். நம்ம ஆள் என்று உச்சி குளிர்ந்துபோய், கேஸ் இணைப்பு முதல் வேலைக்காரம்மா வரை நான்தான் ஏற்பாடு செய்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

வெள்ளைக் கார் ஒன்று வாங்கி மரத்தடியில் நிறுத்தினார். ஒரு மார்ச் மாதம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பி வந்தால், மரத்தைக் காணோம்.

"காக்கா, மைனா எல்லாம் காரு மேலயே எச்சம் போடுதுங்க அக்கா. பெயிண்டே போயிருதுங்க," என்றார், வெட்டிய துண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு. "அப்பாவுக்கு ஒரு ஏசி மாட்டிருங்க."

அந்தக் கோடையை எப்படிச் சொல்வேன்! ஜன்னலில் கட்டிய ஈரத்துணி அப்பளமாகக் காய்ந்தது. "ஃபேன் அனலக் கொட்டுது பாப்பா. நம்ம ஜாடு என்னாச்சு?" என்று அப்பா தினமும் கேட்பார். மரத்தை அவர் மராத்தியில்தான் சொல்வார். கார்ப்பரேஷனில் புகார் கொடுத்திருக்கலாம். அபராதத்தைக் கட்டிவிட்டு மனுஷன் சிரித்துக்கொண்டே காரைத் துடைப்பார். அவர் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும்.

மழை தொடங்கியதும் பாணேரில் ஒரு நர்சரிக்குப் போய், சீக்கிரம் வளரும் மரம் கேட்டேன். மல்பெரிக் குச்சி ஒன்றை நீட்டிய நர்சரிக்காரர், பழம் ரத்தத்துக்கு நல்லது, இலை சர்க்கரைக்கு நல்லது என்று அடுக்கினார். எனக்கு வேண்டிய குணம் ஒன்று உண்டு, அதை அவர் சொல்லவில்லை. மல்பெரி தின்ற பறவையின் எச்சம் அடர்ந்த ஊதா நிறத்தில் விழும்.

அவர் கார் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால், காம்பவுண்டு சுவருக்கு வெளியே, கார்ப்பரேஷன் மண்ணில் நட்டேன். இந்த முறை கை வைத்தால் போலீஸ் என்று அவரிடமே சொன்னேன். அரிசி களைந்த தண்ணீர் முழுவதும் அதற்குத்தான்.

அடுத்த கோடைக்குள் சுவரைத் தாண்டிவிட்டது. ஆனால் பாருங்கள் என் தலையெழுத்தை, நிழல் முதலில் அவர் காரின்மேல் விழுந்தது!

"ஜன்னலுக்கு எப்போம்மா வரும்?" என்றார் அப்பா.

"அடுத்த வருஷம் வந்துடும்பா."

அந்த மே மாதமே அப்பா போய்விட்டார். வெயில் அறைக்குள் அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம்.

மறுவருடம் கிளைகள் ஜன்னலை மூடின, கொத்துக்கொத்தாகக் காய்த்தன. குயிலும் புல்புலும் மைனாவும் பந்திக்கு வருவதுபோல் வந்து குவிந்தன. வெள்ளைக் கார் விடிந்தால் ஊதாப் புள்ளி, பொழுது சாய்ந்தால் ஊதாத் திட்டு. உறை போட்டார், உறையும் ஊதா. அவர் வாளியோடு நிற்பதைப் பார்க்க நான் காபி டம்ளரோடு ஜன்னலுக்கு வந்துவிடுவேன். கண்கொள்ளாக் காட்சி!

கடைசியில் ஒரு நாள் மதியம் படியேறி வந்தார். "அந்த ஒரு கிளைய மட்டும் வெட்டிக்கட்டுங்களா அக்கா?"

"உள்ள வாங்க தம்பி," என்று அப்பாவின் அறைக்கு அழைத்துப்போனேன். வெறும் கட்டில் முழுக்க நிழல் விழுந்திருந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார்.

"ரூமு நல்லா ஜில்லுன்னு இருக்குதுங்க," என்றார்.

"ஆமா. ஒரு வருஷம் லேட்டு."

அவர் முகம் செத்துப்போனது. படியிறங்கிப் போனார். நான் மண்சட்டியைக் கழுவி, பறவைகளுக்குப் புதுத் தண்ணீர் ஊற்றி, ஜன்னலில் வைத்தேன்.